நீளமான டிரைவ்வேயில் பனி: தள்ளுவதா, வீசுவதா?

சாலையிலிருந்து வாசல் வரை நூறு மீட்டருக்கு மேல் சொந்தப் பாதை உள்ள வீட்டுக்கு முதல்முறையாகக் குடிபோகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு கார் நிற்கும் அளவு டிரைவ்வே என்றால் கையில் ஒரு ஷவலும் கொஞ்சம் பொறுமையும் போதும். நீளம் கூடியதும் கணக்கே மாறிவிடுகிறது. 100 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் பனி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 70 கன மீட்டர். புதிதாக விழுந்த உலர்ந்த பனி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ இருக்கும்; ஆக 7 டன். அதே 20 சென்டிமீட்டரும் ஈரப்பனியாக விழுந்தால் எடை 20 டன்னைத் தொடும். ஒரே இரவில் அவ்வளவும் வந்து இறங்கும், காலையில் நீங்கள் வேலைக்குப் போயாக வேண்டும்.

கடைக்குப் போனால் பேச்சு குதிரைத்திறனிலும் அங்குலக் கணக்கிலும்தான் தொடங்கும். அதற்கு முன்னால் நீங்களே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒதுக்கிய பனி எங்கே போய்க் கிடக்கப் போகிறது? குளிர் விடும்வரை பனியை இடம் மாற்றத்தான் முடியும். வண்டியில் மாட்டும் பிளேடு அதைத் தள்ளிப் பாதையின் ஓரத்திலேயே விட்டுவிடும். ஸ்னோ ப்ளோவர் அதை வாரியெடுத்துத் தூரத்தில் வீசிவிடும். இரண்டில் எது உங்களுக்குச் சரி என்பதைப் பெரும்பாலும் உங்கள் டிரைவ்வேயின் இரு பக்கமும் என்ன இருக்கிறது என்பதே முடிவு செய்கிறது. இயந்திரத்தின் பலம் அதற்குப் பிறகுதான்.

பனி விழுமுன் ஒருமுறை நடந்து பாருங்கள்

தரை உறைவதற்கு முன், இலையுதிர் காலத்திலேயே, ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு சாலையிலிருந்து வீடு வரை நடங்கள். நீளத்தையும் அகலத்தையும் குறியுங்கள். எங்கே வளைவு, எங்கே ஏற்றம், எங்கே வண்டி திரும்ப இடம் இருக்கிறது என்று ஒரு படம் வரையுங்கள். அழகாக இருக்கத் தேவையில்லை.

இனி இரு பக்கமும் பாருங்கள். திறந்த புல்வெளி இருந்தால் நல்லது. மரவரிசை, வேலி, தடுப்புச் சுவர், உயர்ந்த மண்கரை ஆகியவை பாதையை ஒட்டியே இருந்தால் அந்த இடத்தைச் சிவப்பில் வட்டமிடுங்கள். அங்கே தள்ளிய பனிக்குப் போக்கிடம் இல்லை. கழிவுநீர்த் தொட்டி, அதன் வடிகால் பரப்பு, கிணற்று மூடி, எரிவாயுத் தொட்டி, வீட்டுச் சுவரில் உள்ள புகைபோக்கித் துளைகள் எல்லாவற்றையும் குறித்துவையுங்கள். வடிகால் பரப்பின் மேல் வண்டி ஓடினால் அங்குள்ள பனி நசுங்கி, குளிரைத் தடுக்கும் தன்மையை இழந்துவிடும். கீழே குழாய் உறையக்கூடும். சுவரில் உள்ள புகைத்துளையைப் பனி மூடிவிட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். ஆகவே பனியை எங்கே குவிக்கக் கூடாது என்பதும் இந்தப் படத்தில் இருக்க வேண்டும்.

காற்று வழக்கமாக எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளாக அங்கே இருக்கும் பக்கத்து வீட்டாரிடம், எந்த இடத்தில் பனி மேடிடும் என்று கேளுங்கள். விற்பனையாளர் எவரும் சொல்ல முடியாத தகவல் அது.

பிறகு அடையாளக் குச்சிகள். இடுப்புக்கு மேல் உயரமுள்ள, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உள்ள குச்சிகளை விளிம்பிலிருந்து ஓர் அடி தள்ளி, இரு பக்கமும் நடுங்கள். நேரான பகுதியில் எட்டு பத்து மீட்டருக்கு ஒன்று போதும். வளைவில் நெருக்கமாக வையுங்கள். மண் உறைந்தபின் குச்சி இறங்காது. பனி மூடியபின் பாதை எது, புல்வெளி எது, பள்ளம் எது என்று நீங்கள் நடந்து பழகிய இடமே உங்களுக்குத் தெரியாது.

தள்ளினால் என்ன நடக்கும்

நீளமான பாதையில் பிளேடை நேராக வைத்துக் கடைசிவரை தள்ளிக்கொண்டு போக முடியாது. சில மீட்டர்களிலேயே பிளேடு நிரம்பி, பனி இரு முனைகளிலும் வழியத் தொடங்கும். அதனால் பிளேடைச் சாய்த்து, பனியை ஒரு பக்கமாக உருட்டிவிட்டபடியே ஓட்டுகிறோம். வேலை வேகமாக முடிகிறது, முதல் இரண்டு மூன்று பனிப்பொழிவுகளில் எல்லாம் சுகமாகவே தெரிகிறது.

சிக்கல் பிறகுதான். ஓரத்தில் ஒதுங்கிய பனி இரவில் சிமெண்ட் போல இறுகிவிடும். அடுத்த முறை தள்ளும்போது பிளேடு அந்தத் திட்டில் மோதி நிற்கும். புதுப் பனி அதற்கு உள்பக்கமாகப் படியும். ஒவ்வொரு பொழிவுக்கும் பாதை இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கும். குளிர்காலத்தின் தொடக்கத்தில் நாலு மீட்டர் அகலமாக இருந்த வழி, அதன் பிற்பகுதியில் ஒரு கார் மட்டும் நுழையும் சந்தாகிவிடும். சாதாரண நாளில் அது தொல்லை. தீயணைப்பு வண்டியோ ஆம்புலன்ஸோ வரவேண்டிய நாளில் ஆபத்து. தீயணைப்பு வண்டியின் உடல் மட்டுமே சுமார் இரண்டரை மீட்டர் அகலம், கண்ணாடிகள் அதற்கு மேல்.

பிளேடு வைத்திருப்பவர்கள் இதற்குச் செய்யக்கூடியது ஒன்றுதான். பருவத்தின் முதல் பொழிவிலேயே, தேவைக்கு மேல் அகலமாக, இரு பக்கமும் விளிம்பைத் தாண்டி ஒரு மீட்டருக்குக் குறையாமல் தள்ளிவிடுங்கள். அப்போது பனி குறைவு, இளக்கமாகவும் இருக்கும். “இன்றைக்குக் கொஞ்சம்தானே விழுந்திருக்கிறது” என்று கார் போகும் அளவுக்கு மட்டும் ஒதுக்கினால் அந்த அகலத்தோடுதான் மீதிக் குளிர்காலம் முழுவதும் வாழ வேண்டியிருக்கும்.

வீசினால் என்ன நடக்கும்

ப்ளோவர் பனியைச் சுழல் அலகால் வாரி, குழாய் வழியே வெளியே எறிகிறது. நல்ல இரண்டுகட்ட ப்ளோவர் (அலகு வாரித் தருவதை உள்ளே தனி விசிறி ஒன்று எறியும் வகை) உலர்ந்த பனியைப் பத்து மீட்டர் தூரம்கூட வீசும். அவ்வளவு தூரத்தில் பரவி விழுவதால் ஓரத்தில் திட்டு எழும்புவதில்லை. முப்பதாவது பொழிவிலும் பாதை முதல் நாள் அகலத்திலேயே இருக்கும். மரவரிசைக்கு மேலேயோ வேலிக்கு அப்பாலோ வீசிவிடலாம். அது உங்கள் நிலமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இயந்திரம் பிறந்ததே தள்ளுவதற்கு இடமில்லாத இடங்களுக்காகத்தான். 1880-களில் வட அமெரிக்க ரயில்பாதைகளில் சுழல் பனி அகற்றி ஓடத் தொடங்கியது. மலையைக் குடைந்து போட்ட பாதையில் இரு பக்கமும் சுவர் நிற்கும். ஆப்பு வடிவப் பிளேடு பனியை எங்கே ஒதுக்கும்? மேலே எடுத்து எறிவதுதான் வழி. சாலைக்கு அதைக் கொண்டுவந்தவர் கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிகார்ட். 1925-இல் அவர் அமைத்த வண்டி பனியை வாரித் தூரத்தில் எறியவும், பக்கத்தில் வரும் லாரியில் நிரப்பவும் செய்தது. உங்கள் டிரைவ்வே மரங்களுக்கு நடுவே, அல்லது இரு கரைகளுக்கு நடுவே போகிறது என்றால் உங்களுடையதும் அதே பிரச்சினை, அதே தீர்வு.

ப்ளோவரின் விலை நேரம். அது நடக்கும் வேகத்தில்தான் போகும். கனமான பனியில் அதைவிடவும் மெதுவாக.

உங்கள் நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

300 மீட்டர் டிரைவ்வே, 3.5 மீட்டர் அகலம் என்று எடுத்துக்கொள்வோம். நடந்து தள்ளும் ப்ளோவரின் வாய் 70 சென்டிமீட்டர். ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் கொஞ்சம் மேற்படிய வேண்டும் என்பதால் உண்மையில் கிடைப்பது 60. ஆறு முறை நடக்க வேண்டும், மொத்தம் 1.8 கிலோமீட்டர். மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் என்றால் ஒரு மணி 12 நிமிடம். பனி கனத்து வேகம் 0.8-க்கு இறங்கினால் இரண்டேகால் மணி நேரம். இருட்டில், காற்றில், வேலைக்குப் போவதற்கு முன்.

பிக்கப் டிரக்கில் மாட்டிய 2.3 மீட்டர் பிளேடை 30 டிகிரி சாய்த்தால் வழிக்கும் அகலம் சுமார் 2 மீட்டர். போக வர இரண்டு ஓட்டம், துப்புரவாக்க இன்னும் இரண்டு ஓட்டம். மணிக்கு 10 கிலோமீட்டர் என்றால் பாதைக்கு மட்டும் ஏழெட்டு நிமிடம். திரும்பும் இடங்களையும் வாசலையும் சேர்த்தால் இருபது. டிராக்டரில் மாட்டும் ஒன்றரை மீட்டர் ப்ளோவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்: மூன்று ஓட்டம், மணிக்கு 2 கிலோமீட்டர் என்றாலும் அரை மணிக்குள் பாதை முடிந்துவிடும்.

இதில் ஒரு திருத்தம் வேண்டும். பிளேடு ஒரு பொழிவுக்கு ஒருமுறை போனால் போதாது. 10, 15 சென்டிமீட்டர் சேரும்போதே தள்ளிவிட வேண்டும். 40 சென்டிமீட்டர் விழுகிற நாளில் மூன்று நாலு முறை இறங்க வேண்டியிருக்கும். பொழிவு முடியட்டும் என்று காத்திருந்தால் இலகுவான வண்டிகள் தள்ள முடியாமல் நின்றுவிடும். ப்ளோவர் பொறுத்திருக்கும். பனி அதன் வாயின் உயரத்தைத் தாண்டாதவரை முடிந்தபின் ஒரே முறையாக எடுத்துவிடலாம். பகல் முழுவதும் வெளியே வேலை பார்த்துவிட்டு, இரவில் திரும்பி வருகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

தரை, சரிவு, காற்று

சரளைக்கல் பாதை உள்ளவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். ஒற்றைக்கட்ட ப்ளோவரின் அலகு தரையைத் தொட்டபடியே சுழலும். தாருக்கும் கான்கிரீட்டுக்கும் அது அருமை. சரளையில் கல்லை வாரிச் சன்னல்மேல் எறியும். சரளைக்கு இரண்டுகட்ட ப்ளோவர்தான். அதிலும் பக்கத்தில் உள்ள ஸ்கிட் ஷூக்களை, அதாவது தரையில் வழுக்கிப் போகும் தாங்கு தகடுகளை, இறக்கி, வழிக்கும் விளிம்பு தரையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே நிற்கும்படி வைக்க வேண்டும். பிளேடும் சரளையைச் சுரண்டிக்கொண்டு போகும். கீழ் விளிம்பில் ரப்பர் பட்டை மாட்டலாம். சிலர் இரும்புக் குழாய் ஒன்றை நீளவாக்கில் பிளந்து விளிம்பின் மேல் செருகிவிடுகிறார்கள். கூரான விளிம்புக்குப் பதில் உருண்டையான குழாய் தரையில் வழுக்கிப் போகும். எளிய வேலை, நன்றாகவே உதவும்.

எந்த இயந்திரமானாலும் சரளைப் பாதையில் முதல் பொழிவை முழுவதும் வழிக்க வேண்டாம். சில சென்டிமீட்டரை விட்டுவைத்து, அதன்மேல் வண்டியை ஓட்டி அழுத்திவிடுங்கள். தரையோடு உறைந்து அது ஓர் அடித்தளமாகிவிடும். அதன்பின் கற்கள் பெயர்வது வெகுவாகக் குறையும். பருவத்தில் கற்கள் அதிகம் பறக்கிற நேரங்கள் இரண்டு. தரை இன்னும் உறையாத தொடக்கமும், இளகத் தொடங்கும் முடிவும். அந்த நாட்களில் அகலத்தைக் குறைக்காமல், மேலோட்டமாக ஒதுக்கினால் போதும்.

சரிவில் பிளேடோடு இறங்குவது எளிது, ஏறுவது கடினம். மேலிருந்து கீழே தள்ளும்படி வேலையை அமையுங்கள். கீழே குவிக்க இடம் இல்லாவிட்டால் சரிவான பாதைக்குப் பிளேடு பொருத்தமில்லை. டிராக்டருக்கும் ஏ.டி.வி.க்கும் (கரடுமுரடான தரையில் ஓடும் நாலு சக்கரச் சிறு வண்டி) சக்கரத்தில் சங்கிலி மாட்டுவது பிடிமானத்தைப் பெரிதும் கூட்டும். நடந்து தள்ளும் ப்ளோவர்களில் சக்கரத்துக்குப் பதில் தடப்பட்டை உள்ளவை செங்குத்தான இடத்தில் நன்றாக நிற்கும்.

காற்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். திறந்த வயல்வெளியில் உள்ள டிரைவ்வேயில் விழுகிற பனியைவிட, அடித்து வரப்படுகிற பனியே அதிகமாக இருக்கும். பிளேடு எழுப்பிய ஓரத்திட்டு அங்கே காற்றைத் தடுத்து, தன் மறைவில் பனியைக் கொட்டவைக்கும். பாதை திட்டின் உயரத்துக்கு நிரம்பும். நீங்கள் மறுபடி தள்ளினால் திட்டு உயரும். அடுத்த காற்றில் அந்த உயரத்துக்கும் நிரம்பும். இந்தச் சுழலிலிருந்து தப்ப, திட்டே எழும்பாத முறை வேண்டும். அதாவது ப்ளோவர். காற்று வரும் பக்கத்தில் பனிவேலியும் போடலாம். பாதி அடைப்பும் பாதி இடைவெளியுமான வேலிதான் பனியை நன்றாகப் பிடிக்கும். வேலியின் மறைவில் படியும் மேடு அதன் உயரத்தைப் போல 35 மடங்கு தூரம் வரை நீளக்கூடும். ஆகவே 1.2 மீட்டர் வேலியைப் பாதையிலிருந்து சுமார் 40 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். பாதையை ஒட்டி வேலி போட்டால் அந்த மேடு சரியாக உங்கள் பாதையின்மேல் வந்து உட்காரும்.

பனியின் குணம்

கடுங்குளிரில் விழும் உலர்ந்த பனியை ப்ளோவர் சுலபமாக எறிந்துவிடும். பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பத்தில் விழும் ஈரப்பனி வேறு விதம். குழாயில் அப்பிக்கொள்ளும், அடைக்கும், வீசும் தூரம் மூன்று நான்கு மீட்டராகச் சுருங்கும். கூழாகிவிட்ட பனியைப் பிளேடுதான் நன்றாகத் தள்ளும். உங்கள் ஊரின் குளிர்காலம் உறைவதும் உருகுவதுமாக மாறி மாறிப் போனால், ப்ளோவரை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

ஈரப்பனியில் ப்ளோவர் ஓட்டியே தீரவேண்டும் என்றால் என்ஜினை முழு வேகத்தில் வைத்து, நடையை மட்டும் குறையுங்கள். வேகமாகச் சுழலும் விசிறிதான் குழாயைச் சுத்தமாக வைத்திருக்கும். குழாயின் உட்புறம் சிலிகான் தெளித்துக்கொள்ளலாம். சூடான கராஜிலிருந்து நேராக வெளியே கொண்டுவந்தால் வெதுவெதுப்பான இரும்பில் பனி உருகி ஒட்டும். சிறிது நேரம் வெளியே நிறுத்திக் குளிரவிட்டுத் தொடங்குங்கள்.

எந்த இயந்திரம்?

முதலில், எதையும் வாங்காத வழி. புதிதாக வந்தவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது இது: முதல் குளிர்காலத்துக்கு ஒரு ஒப்பந்தக்காரரை அமர்த்துங்கள். பனி எங்கே மேடிடுகிறது, திட்டு எங்கே ஒடுக்குகிறது, எத்தனை முறை வரவேண்டியிருக்கிறது என்பதை ஒரு பருவம் பார்த்துவிட்டால், வாங்கவேண்டியது எது என்று உங்கள் பாதையே சொல்லிவிடும். ஒப்பந்தத்துக்கு முன் கேட்கவேண்டியவை: எத்தனை சென்டிமீட்டர் விழுந்தால் வருவார், காலை எத்தனை மணிக்குள் முடிப்பார், கட்டணம் ஒவ்வொரு முறைக்கா முழுப் பருவத்துக்கா, புல்வெளியோ வேலியோ சேதமானால் காப்பீடு இருக்கிறதா, ஓரத்திட்டுகளைப் பின்னுக்குத் தள்ளுவது அதில் அடக்கமா. கடைசிக் கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதில்லை. நீளமான பாதைக்கு அதுதான் முக்கியம்.

வாங்குவதென்றால், முப்பது நாற்பது மீட்டர் வரை நடந்து தள்ளும் இரண்டுகட்ட ப்ளோவர் போதும், வேறு யோசனை தேவையில்லை. பனி குறைவாக விழும் ஊரும், தார்ப் பாதையும் என்றால் ஒற்றைக்கட்டமே போதும்.

நூறு மீட்டரைத் தாண்டினால் உங்களிடம் ஏற்கனவே என்ன வண்டி இருக்கிறது என்பது முன்னால் வரும். ஏ.டி.வி. இருந்தால் அதற்கு ஒன்றரை மீட்டர் வரையிலான பிளேடு கிடைக்கும். பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் பொழிவுகளுக்கு அது சுறுசுறுப்பான சாதனம். ஆனால் எடை குறைந்த வண்டி என்பதால் இறுகிய திட்டைத் தள்ளாது. பிக்கப் டிரக் இருந்தால், பிளேடின் எடையை அதன் முன் அச்சு தாங்குமா என்று வண்டியின் கையேட்டில் பார்த்தபிறகே வாங்குங்கள். பின்பக்கம் எடை ஏற்றவும் வேண்டும். வேலையின்போது முன்னும் பின்னுமாக ஓயாமல் கியர் மாற்றுவது டிரான்ஸ்மிஷனைச் சூடாக்கும். வண்டி முழுவதும் நின்றபின் மாற்றும் பழக்கம் அதன் ஆயுளைக் கூட்டும். தினமும் வேலைக்கு எடுத்துப்போகும் வண்டியிலேயே பிளேடு மாட்டுவதை நான் விரும்புவதில்லை. அது பழுதானால் பாதையும் அடைபடும், பயணமும் நிற்கும்.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்குத்தான் நல்ல வாய்ப்பு. பின்னால் மாட்டும் பி.டி.ஓ. ப்ளோவர் (டிராக்டர் என்ஜினின் சுழற்சியை ஒரு தண்டு வழியாகப் பெற்று ஓடுவது) கட்டமைப்பில் எளியது. ஆனால் பின்னோக்கியே ஓட்ட வேண்டும், ஒரு மணி நேரத்தில் கழுத்து வலிக்கும். முன்னால் மாட்டுவது வேலைக்கு இதம், செலவு கூடுதல். எதுவானாலும் மிக மெதுவாக ஊர்ந்து போகும் கியர் இருக்க வேண்டும். வேகத்தைக் காலாலேயே கூட்டிக் குறைக்கும் ஹைட்ரோஸ்டாட்டிக் வகை இந்த வேலைக்கு மிகப் பொருத்தம்.

நீளமான பாதை, அதிகப் பனி, இரு பக்கமும் நெருக்கம் எல்லாம் சேர்ந்திருந்தால் என் தேர்வு இரண்டும்தான். தினசரி வேலைக்குப் பிளேடு. திட்டு உயர்ந்து பாதை ஒடுங்கும்போது, பருவத்துக்குச் சில தடவை ப்ளோவரால் ஓரங்களை வெட்டித் தூர எறிவது. இறுகிய பழைய திட்டை ப்ளோவர் ஒரே மூச்சில் தின்னாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்கவிட வேண்டும். அதனால் திட்டு கல்லாகும்வரை தள்ளிப்போடாதீர்கள். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் கருத்து இது: இரு பக்கமும் திறந்த இடம், காற்று குறைவு, நேரம் குறைவு என்றால் பிளேடு. இடம் நெருக்கம், அல்லது காற்று அதிகம் என்றால், நேரம் எவ்வளவு பிடித்தாலும் ப்ளோவர்.

வேலை செய்யும் நாளில்

பிளேடு ஓட்டுபவர் முதலில் வீட்டு வாசலையும் கராஜ் முகப்பையும் எடுக்க வேண்டும். பிளேடை இறக்கி, பின்னோக்கி இழுத்து, பனியைச் சுவரிலிருந்து விலக்கியபின் முன்னோக்கித் தள்ளுங்கள். பிறகு நடுவில் ஓர் ஓட்டம், அடுத்தடுத்து வெளிப்பக்கமாக. காற்று அடிக்கும் இடம் என்றால், முடிந்த அளவு பனியைக் காற்று போகும் பக்கமாகவே தள்ளுங்கள். காற்று வரும் பக்கத்தில் திட்டு இல்லாவிட்டால் பாதையில் மேடிடுவது குறையும். வேகம் வேண்டாம். பனிக்கு அடியில் கல்லோ மூடியோ இருந்தால் பிளேடு மடிந்து காப்பாற்றும் ஸ்பிரிங் இருந்தாலும், வேகமாக மோதினால் உங்கள் நெஞ்சு ஸ்டியரிங்கில் போய் முட்டும். சீட் பெல்ட் போட்டே ஓட்டுங்கள்.

ப்ளோவர் ஓட்டுபவர் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டே குழாயைத் திருப்ப வேண்டும். எதிர்க்காற்றில் வீசிய பனி முழுவதும் முகத்துக்கே திரும்பும். காற்று ஒரே பக்கமாக அடித்தால், காற்று வரும் ஓரத்திலிருந்து தொடங்கி, எடுத்த பாதையில் மறுபடி விழாதபடி வரிசை வரிசையாக வாருங்கள்.

அடைத்துக்கொண்ட ப்ளோவருக்குள் கை விடாதீர்கள். இதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். ப்ளோவரால் விரல் இழந்தவர்கள் பலர், அவர்களில் என்ஜினை அணைத்துவிட்டுக் கை வைத்தவர்களும் உண்டு. அடைப்பின்போது பெல்ட்டில் முறுக்கு தங்கியிருக்கும். அடைப்பு விலகிய நொடியில் அலகு ஒரு சுற்றுச் சுழன்றுவிடும். என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, எல்லாம் நின்றபின், இயந்திரத்தோடு வரும் குச்சியால் மட்டும் குத்தி எடுங்கள். கையுறை விரலைக் காப்பாற்றாது. டிராக்டரின் பி.டி.ஓ. தண்டில் மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள், அதன் அருகே தொங்கும் கழுத்துத் துணியும் கூடாது. கராஜ் கதவு திறந்திருந்தாலும் உள்ளே என்ஜினை ஓடவிடாதீர்கள். வெளியே குழந்தைகள் விளையாடும்போது இரண்டு இயந்திரமும் வேண்டாம். திட்டில் குகை தோண்டி உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஓட்டுநர் கண்ணில் படாது.

அலகு கல்லிலோ கட்டையிலோ சிக்கினால் ஷியர் பின் என்னும் சிறு போல்ட் உடைந்து, விலை உயர்ந்த கியர்பெட்டியைக் காக்கும். அது உடைவதற்காகவே செய்யப்பட்டது. அதன் இடத்தில் கடினமான சாதாரண போல்ட்டைப் போட்டால் அடுத்த முறை உடைவது கியர்பெட்டி. உரிய பின் நாலைந்தை எப்போதும் கைவசம் வையுங்கள்.

சாலை முனை

நீங்கள் எல்லாம் முடித்து உள்ளே போனபின் சாலையைச் சுத்தம் செய்யும் பெரிய வண்டி வந்து, உங்கள் பாதையின் வாயை அடைத்து ஒரு திட்டை விட்டுப் போகும். உப்பும் கூழும் கட்டியும் கலந்த, மிகக் கனமான பனி அது. இறுகுவதற்குள் எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் பிளேடு இதில் கைகொடுக்கும். ப்ளோவர் மெதுவாகக் கடித்துக் கடித்துத்தான் முன்னேறும். அதைச் சாலைக்குக் குறுக்கே எதிர்ப்பக்கம் தள்ளிவிடுவது பல இடங்களில் சட்டப்படி குற்றம், எல்லா இடத்திலும் ஆபத்து. சாலையில் கோடாக விட்ட பனி உறைந்தால் வருகிற வண்டி சறுக்கும்.

இந்தத் திட்டைக் குறைக்க ஒரு வழி உண்டு. வண்டிகள் எந்தத் திசையிலிருந்து வருகின்றனவோ, அந்தப் பக்கத்தில், உங்கள் பாதையின் வாய்க்கு முன்னாலேயே சாலையோரத்தில் சில மீட்டர் நீளத்துக்கு ஒரு பையைப் போல இடம் ஒதுக்கிவிடுங்கள். பிளேடில் சேர்ந்து வரும் பனி அங்கே கொட்டிவிடும், உங்கள் வாயில் விழுவது குறையும். சாலையைப் பார்க்க முடியாதபடி முனையில் பனியைக் குவிக்காதீர்கள். கார் வெளியே வரும்போது இரு பக்கமும் தெரிய வேண்டும்.

மிஞ்சும் மெல்லிய பனிக்கட்டிக்கு உப்புத் தூவுவோர், சாதாரண உப்பு சுமார் மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே மிக மந்தமாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். அதைவிடக் குளிரில் கால்சியம் குளோரைடு வேலை செய்யும். சரளைப் பாதைக்கு உப்பே வேண்டாம், அடித்தளம் இளகிப் பாதை சேறாகும். மணலோ பொடிச் சரளையோ தூவினால் பிடிமானம் கிடைக்கும்.

பருவம் முடிந்தபின்

பெட்ரோல் ப்ளோவர் அடுத்த குளிரில் கிளம்ப மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம், கார்புரேட்டரில் மாதக்கணக்கில் கெட்டுப்போன பழைய பெட்ரோல். கடைசி நாளில் எரிபொருளை வடித்து, மீதியும் தீரும்வரை ஓடவிடுங்கள். அல்லது பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து சில நிமிடம் ஓடவிட்டு மூடிவையுங்கள். பிளேடின் விளிம்பும் ஸ்கிட் ஷூக்களும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று அப்போதே பாருங்கள். மாற்றுப் பாகங்கள் கோடையில் எளிதாகக் கிடைக்கும், முதல் பனிப்புயலுக்கு முந்தின நாள் கிடைக்காது. புல்வெளியில் சிதறிய சரளையை, புல் வளர்ந்து மூடுவதற்குள் வாரிப் பாதையில் போடுங்கள். குச்சிகளைப் பிடுங்கும்போது, இலையுதிர் காலத்தில் வரைந்த அந்தப் படத்தைக் கையில் எடுத்து, எங்கே மேடிட்டது, எங்கே பாதை ஒடுங்கியது, எந்தக் குச்சி உடைந்தது என்று அதில் எழுதிவையுங்கள். வேலி போடுவதா, ஒரு மரக்கிளையை வெட்டுவதா, இயந்திரத்தை மாற்றுவதா என்ற முடிவுகளை அதை வைத்து எடுக்கலாம்.